கடற்கரையில் கேட்ட குரல்: இசைமுரசு ஹனீபாவை நினைக்கையில்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

கடந்த 2025 டிசம்பரின் இறுதி வாரத்தில் ஒரு மாலை, அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு நாங்கள் நால்வர் திருச்செந்தூருக்குத் தெற்கேயுள்ள ஆலந்தலைக்குச் சென்றிருந்தோம். எங்களுக்கு நெடுநாள் பழக்கமான மீனவ நண்பர் ஒருவரின் தந்தையார் உடல்நலமின்றிப் படுத்திருந்தார். நோயாளியை நலம் விசாரிப்பது நபிவழி. அவர் எந்த மார்க்கத்தைச் சேர்ந்தவராயினும் அண்டை வீட்டாருக்குரிய கடமை அதில் இருக்கிறது. கிறிஸ்துமஸ் கழிந்து சில நாட்களே ஆகியிருந்ததால் வீட்டு வாசல்களில் நட்சத்திர விளக்குகள் தொங்கிக்கொண்டிருந்தன. கடல் கொந்தளிப்பாயிருந்தபடியால் படகுகள் கரையேறிக் கிடந்தன. ஓலைக் கொட்டகையின் கீழ் முதியவர்கள் சிலர் அமர்ந்து வலை பின்னிக்கொண்டிருக்க, அவர்கள் நடுவே கிடந்த ஒரு கைப்பேசியிலிருந்து கணீரென்ற குரலொன்று எழுந்தது. அது மர்ஹூம் இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களின் குரல்.

எங்களைக் கண்டதும் பேச்சுக்கு இடைஞ்சலாகுமென்று எண்ணி இளைஞர் ஒருவர் பாட்டை நிறுத்தப் போனார். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் கையமர்த்தித் தடுத்தார். "அமத்தாதப்பா, ஓடட்டும். பாய்மாரும் கேக்கட்டும். கடலுக்குப் போகாத நாள்ல இதக் கேட்டாத்தான் மனசு ஆறுது" என்றார்.

அந்தச் சொல் எங்களை மகிழ்வித்தது. திரும்பும் வழியில் அதுவே எங்களை வருத்தவும் செய்தது. கத்தோலிக்கக் கடலோர ஊரொன்றில் மனம் ஆறுவதற்குக் கேட்கப்படும் இக்குரல், எங்கள் வீடுகளில் கடைசியாக எப்போது ஒலித்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். நால்வரில் எவருக்கும் உடனே விடை சொல்ல இயலவில்லை. அந்த விடையின்மையே இக்கட்டுரைக்குக் காரணம்.

குரலும் மனிதரும்

இஸ்மாயில் முஹம்மது ஹனீபா அவர்கள் 1925 டிசம்பர் 25ஆம் நாள் இராமநாதபுரத்தில் பிறந்தார்கள். தந்தையின் ஊராகிய நாகூரே அன்னாரின் ஊராகவும் பெயராகவும் நிலைத்தது. 2015 ஏப்ரல் 8ஆம் நாள் சென்னையில், 89ஆம் வயதில், வஃபாத் ஆனார்கள். நாங்கள் ஆலந்தலையில் அமர்ந்திருந்த அந்த வாரத்தில்தான் அன்னார் பிறந்து நூறாண்டு நிறைந்திருந்தது. அங்கிருந்த முதியவர்கள் அதை அறியார்கள். அறிந்திருக்க வேண்டிய நாமும் அதை நினைவில் வைத்திருக்கவில்லை.

நாகூர் பாட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே பைத்து ஓதுவோரும், தாயிரா தட்டிப் பாடும் பக்கீர்மார்களும், கர்நாடக இசையை முறையாகக் கற்ற தர்கா வித்வான் எஸ்.எம்.ஏ. காதர் போன்றோரும் அருகருகே வாழ்ந்தார்கள். ஹனீபா அவர்கள் முறைப்படி இசை பயின்றவர் அல்லர். கல்யாண வீடுகளிலும் பைத்து சபைகளிலும் மீலாது மேடைகளிலும் பாடிப் பாடியே வளர்ந்த குரல் அது. நுணுக்கமான சங்கதிகளுக்காக எவரும் அக்குரலைத் தேடிப் போகவில்லை. சொல் ஒவ்வொன்றும் தெளிவாக விழுவதும், உச்சத்தில் பாடும்போதும் பொருள் குலையாமல் நிற்பதுமே அதன் பலம். பந்தலின் கடைசி வரிசையில் குழந்தையை மடியில் வைத்திருந்த தாய்க்கும் அக்குரல் பொருளோடு சென்று சேர்ந்தது. இசைமுரசு என்ற பட்டம் மிகையன்று. முரசு ஊருக்குச் செய்தி சொல்லும் கருவி. அன்னாரின் பாட்டும் அதைத்தான் செய்தது.

அக்குரல் ஒரே மேடைக்கு உரியதாகவும் இருக்கவில்லை. திராவிட முன்னேற்றக் கழகத்தின் மேடைகளில் அன்னார் பாடிய பாடல்கள் தமிழ்நாட்டின் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தன. 1961இல் வெளிவந்த 'பாவ மன்னிப்பு' திரைப்படத்தில் டி.எம். சௌந்தரராஜன் அவர்களுடன் இணைந்து பாடினார்கள். சட்டமன்ற மேலவை உறுப்பினராகவும் வக்ஃப் வாரியத் தலைவராகவும் பொறுப்பு வகித்தார்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எனத் தமிழ் முஸ்லிம்கள் வாழ்ந்த நாடுகளுக்கெல்லாம் சென்று பாடினார்கள். அரசியலில் அன்னாரோடு உடன்படாதவர்களும் இரவில் வீடு திரும்பியதும் அன்னாரின் பாடலையே கேட்டார்கள்.

அவற்றுள் 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்ற பாடலைத் தனியே சொல்லவேண்டும். அதை எழுதியவர் ஆர். அப்துல் ஸலாம் அவர்கள். பாடியவரை அறிந்த கோடிப்பேரில் எழுதியவரை அறிந்தவர் மிகச் சிலரே. அடியான் கையுயர்த்திக் கேட்கும்போது அவற்றை வெறுமையாகத் திருப்பியனுப்ப அல்லாஹ் வெட்கப்படுகிறான் என்ற கருத்தில் அமைந்த நபிமொழி அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியிருக்கிறது. ஜும்ஆ மேடையில் ஆலிம் ஒருவர் அரைமணி நேரம் விளக்கக்கூடிய அந்தக் கருத்தை எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் ஒருமுறை கேட்டதும் தம் நெஞ்சில் வைத்துக்கொள்ளும்படி அப்பாடல் செய்துவிட்டது. அப்பாடலில் அல்லாஹ் என்ற திருநாமமும் வருகிறது. இருந்தும் ஆலந்தலையின் முதியவர் அதைப் பிறத்தியார் பாட்டென்று ஒதுக்கவில்லை. தம்மைப் படைத்தவனிடம் தாம் கேட்கவேண்டியதையே அது சொல்வதாக அவர் எடுத்துக்கொண்டார்.

இக்கரையின் பழைய கணக்கு

இதன் அருமையை உணர இக்கரையின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்கவேண்டும். முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கடற்கரையில் முஸ்லிம்களும் பரதவரும் எப்போதும் இணக்கமாகவே வாழ்ந்தார்கள் என்று சொன்னால் அது உண்மையாகாது. முத்து வணிகம் பெரும்பொருள் ஈட்டித் தந்த தொழில். மார்கோ போலோ குறித்துச் சென்ற காயல் துறைமுகம் தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் இருந்தது. அங்கே அரபுக் குதிரைகள் வந்திறங்கின, முத்துகள் ஏறிச் சென்றன. அந்த வணிகத்தில் யார் கை மேலோங்குவது என்ற பூசலே 1530களில் முற்றி இரத்தம் சிந்தும் அளவுக்குப் போனது. பரதவர்கள் போர்த்துக்கீசியரின் காவலை நாடி ஞானஸ்நானம் பெற்றதும் அந்தப் பூசலின் விளைவுதான். 1538இல் வேதாளையில் போர்த்துக்கீசியர் முஸ்லிம்களின் கடற்படையை முறியடித்தனர். அதன்பின் நூற்றாண்டுகள் இக்கரையின் முத்து அந்நியர் ஆட்சிகளின் கணக்கேட்டுக்குள் போயிற்று. சண்டையிட்ட இரு சாராருமே இழந்தார்கள்.

பிரான்சிஸ் சவேரியார் 1542இல் இக்கரைக்கு வந்தார். அவர் 1544இல் எழுதிய கடிதங்களில் ஆலந்தலையின் பெயரும் இடம்பெறுகிறது. அவர் கையாண்ட முறையை நாம் கவனிக்கவேண்டும். செபங்களைத் தமிழில் பெயர்த்துத் தாமே மனப்பாடம் செய்துகொண்டு, தெருவில் மணியடித்துச் சிறுவர்களைத் திரட்டி, ஓதி ஓதித் திரும்பச் சொல்ல வைத்தார். ஏட்டைவிட நாவுக்கே இக்கரையில் ஆற்றல் மிகுதி என்பதை அவர் அறிந்திருந்தார்.

நம் முன்னோர்களும் அதை அறிந்தே இருந்தார்கள். ஆலந்தலைக்கு வடக்கே, திருச்செந்தூரைக் கடந்தால் காயல்பட்டினம். அவ்வூரின் காசிம் புலவர், அருணகிரிநாதர் கையாண்ட திருப்புகழ்ச் சந்தத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள்மீது திருப்புகழ் பாடினார். சந்தம் இம்மண்ணுடையது, பாடப்பட்ட புகழ் நபியவர்களுடையது. இதே மாவட்டத்தின் எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப்புலவர் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களில் 5,027 விருத்தங்களாகச் சீறாப்புராணத்தை ஆக்கித் தந்தார். அது அலமாரியில் வைத்துப் பூட்டுவதற்காக எழுதப்பட்ட நூலன்று. ஒருவர் பாட, ஒருவர் உரை சொல்ல, ஊர் கூடிக் கேட்ட நூல். இன்னும் தெற்கே தக்கலையில் பீர்முகம்மது அப்பா அவர்களின் ஞானப்புகழ்ச்சி ஆண்டுதோறும் இரவு முழுவதும் பாடப்பட்டு வருகிறது.

வீட்டுக்குள்ளே வேறொரு பள்ளி நடந்துகொண்டிருந்தது. காயல்பட்டினத்துப் பெண்கள் தைக்காக்களில் கூடி ஓதினார்கள். அரபுத்தமிழில் எழுதப்பட்ட மாலைகளையும் முனாஜாத்துகளையும் தாய் மகளுக்குக் கற்றுக்கொடுத்தாள். பிள்ளையைத் தூங்கவைக்கும் தாலாட்டில் நபிமார்களின் வரலாறு இருந்தது. கல்யாண வீட்டுப் பாட்டில் ஃபாத்திமா நாயகியின் எளிய வாழ்வு இருந்தது. சுப்ஹான மவ்லிதும் புர்தாவும் எந்த ராகத்தில் எங்கே ஏறி எங்கே இறங்கவேண்டும் என்பது நோட்டுப் புத்தகம் எதிலும் எழுதப்படாமலேயே பல தலைமுறைகளைக் கடந்து வந்தது.

பின்னர் வானொலி வந்தது. இக்கரைக்குச் சென்னை வானொலியைவிட இலங்கை வானொலியே தெளிவாகக் கேட்டது. அதன் முஸ்லிம் நிகழ்ச்சிகளுக்காக வீடுகள் காத்திருந்தன. எதிர்க்கரையிலிருந்து எழுந்த பாடல் கடலைத் தாண்டி நம் முற்றத்தில் வந்து விழுந்தது. நாடாக்கள் வந்தபோது ஹனீபா அவர்களின் குரலோடு, நம் ஊரின் பெயரைத் தம் பெயரிலேயே தாங்கிய காயல் ஏ.ஆர். ஷேக் முஹம்மது அவர்களின் குரலும் வீடுதோறும் ஒலித்தது. நோன்புக் காலத்தில் சஹருக்கு எழுப்ப வரும் பக்கீர்மார் தாயிராவைத் தட்டிப் பாடிக்கொண்டு போவார்கள். நாங்கள் பாயில் படுத்தபடியே அந்த ஓசை தெருமுனையில் தொடங்கி நெருங்கி வந்து, வாசலைக் கடந்து மெல்ல மறைவதைக் கேட்டிருந்தோம்.

ஆலந்தலையின் முதியவர்களுக்கும் இப்படியொரு கடந்த காலம் உண்டு. கட்டுமரம் தள்ளவும் வலை இழுக்கவும் பாடிய அம்பாப் பாட்டை அவர்கள் இன்னும் மறந்துவிடவில்லை. தோணிகளில் எந்திரம் பொருத்தப்பட்டபின் அதைப் பாடவேண்டிய தேவை போயிற்று. எந்திரத்தின் இரைச்சலில் பாடினாலும் கேட்காது என்று சிரித்துக்கொண்டே சொன்னார் அப்பெரியவர்.

நாம் நிறுத்திய பாட்டு

அவர்களுடைய பாட்டை எந்திரம் நிறுத்தியது. நம்முடைய பாட்டை நாமே நிறுத்தினோம். இதைச் சொல்வதில் எங்களுக்குத் தயக்கம் உண்டு. ஆயினும் சொல்லாமல் விட்டால் ஹனீபா அவர்களைப் பற்றி நாங்கள் எழுதுவதெல்லாம் வெறும் புகழ்மாலையாக முடிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பத்துத் திருமணம் ஒன்றில், எங்கள் உம்மம்மா வழக்கம்போல் மணப்பெண்ணை அமரவைத்துப் பாடத் தொடங்கினார்கள். அப்போது அவர்களுக்கு எண்பது வயதைக் கடந்திருந்தது. சுற்றிலும் வேறு மூன்று முதிய பெண்கள் பின்பாட்டுப் பாடினார்கள். இரண்டு கண்ணிகள் முடியுமுன் உறவுக்கார இளைஞர் ஒருவர் வந்து, இதெல்லாம் பித்அத், நிறுத்துங்கள் என்றார். அவர் கெட்டவர் அல்லர். தாம் கற்றதை உண்மையென்று நம்பி, அக்கறையோடுதான் சொன்னார். உம்மம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார்கள். அங்கிருந்த நாங்கள் அனைவரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். எவரும் வாய் திறக்கவில்லை. அதே வீட்டில் அன்றிரவு பிள்ளைகளின் கைப்பேசிகளில் திரைப்பாடல்கள் ஒலித்தன. அதை எவரும் நிறுத்தவில்லை.

மறு ஆண்டு உம்மம்மா மவுத்தாகிவிட்டார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவர்கள் பாடிய பாட்டுகளில் எங்களுக்கு நினைவிருப்பது அந்த முதல் இரண்டு கண்ணிகள் மட்டுமே. எஞ்சியதை எழுதி வைத்தவரில்லை, பதிந்து வைத்தவருமில்லை. ஹனீபா அவர்களின் குரல் இசைத்தட்டிலும் நாடாவிலும் பிழைத்துக்கிடக்கிறது. உம்மம்மாவின் குரலுக்கு அந்த வாய்ப்பும் இல்லாமற் போயிற்று.

மறுப்போரின் நியாயம்

பாட்டை மறுப்போர் ஆதாரமின்றிப் பேசுகிறார்கள் என்று நாங்கள் சொல்லவரவில்லை. லுக்மான் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தில் வரும் வீண் பேச்சு என்பதற்குப் பாட்டு என்றே இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் பொருள் கூறியிருக்கிறார்கள். இசைக்கருவிகளைக் கண்டிக்கும் நபிமொழி ஸஹீஹுல் புகாரியில் உண்டு. அதைக் கொண்டு பெரும்பான்மையான இமாம்கள் கருவியிசையைத் தவிர்க்கச் சொன்னார்கள். தர்காக்களைப் பற்றிய சில பாடல்களில் அவ்லியாக்களிடமே தேவைகளைக் கேட்பது போன்ற சொற்கள் வருகின்றன என்ற கவலையும் பொய்யானதன்று. ஹனீபா அவர்கள் நாகூர் ஆண்டகையைப் புகழ்ந்து பல பாடல்கள் பாடியிருக்கிறார்கள். அவற்றை விரும்பிக் கேட்போரும், அவற்றில் சில சொற்களை ஏற்காதோரும் எங்கள் நால்வருக்குள்ளேயே இருக்கிறார்கள்.

ஆனால் ஆதாரம் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. பெருநாளன்று ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் இரண்டு சிறுமியர் பாடிக்கொண்டிருந்தபோது அபூபக்கர் (ரலி) அவர்கள் கடிந்துகொண்டார்கள். அப்போது நபி (ஸல்) அவர்கள், ஒவ்வொரு சமூகத்தாருக்கும் பெருநாள் உண்டு, இது நமக்குரியது என்று கூறி அச்சிறுமியரை விட்டுவிடச் சொன்னார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கவிஞர் ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே மேடை அமைத்துக் கொடுக்கப்பட்டது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் செவியேற்றலின் ஒழுங்குகளுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கி, எது ஆகும், எது ஆகாது என்று பிரித்துக் காட்டினார்கள். பாடப்படும் சொல், பாடுபவரின் நோக்கம், கேட்பவரின் உள்ளம், இடம், பொழுது ஆகிய அனைத்தையும் பார்த்தே தீர்ப்புச் சொன்னார்கள்.

நம்முடைய தவறு கருத்து வேறுபாட்டில் இல்லை. பிரித்துப் பார்க்கும் பொறுமையை இழந்ததில் இருக்கிறது. ஒரு பாடலில் ஒரு சொல் பிழையென்றால் அந்தச் சொல்லைச் சுட்டலாம். கருவி ஆகாதென்றால் கருவியின்றிப் பாடலாம். பெண்கள் பெண்களுக்கு நடுவே பாடுவதில் யாருக்கு இடர்ப்பாடு? இவ்வளவையும் எண்ணிப் பார்க்காமல், தாலாட்டையும் தர்காப் பாட்டையும் மவ்லிதையும் திரைப்பாட்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினோம். கட்டிய சாக்கில் திரைப்பாட்டு மட்டும் அவிழ்ந்து வெளியே வந்துவிட்டது. மற்றவை உள்ளேயே மூச்சடங்கின.

இழப்பு யாருக்கு என்று பார்த்தால், கற்றவர்களுக்கு அதிகமில்லை. தமிழாக்கத் தஃப்ஸீர்களும் ஹதீஸ் தொகுப்புகளும் இன்று எளிதில் கிடைக்கின்றன. அல்ஹம்துலில்லாஹ், அது பெரும் பேறு. ஆனால் படிக்க நேரமில்லாத உழைப்பாளியும், கண் மங்கிய முதியவரும், இன்னும் எழுத்தறியாத பிள்ளையும் மார்க்கத்தை எதன் வழியாகத் தங்கள் நாவில் வைத்திருந்தார்கள்? யூசுஃப் நபியைக் கிணற்றில் இட்ட வரலாற்றை எங்களில் பலர் முதன்முதலில் அறிந்தது புத்தகத்தில் அன்று. அடுப்பங்கரையில் பாடிய ஒரு பெண்ணின் குரலில். நூல் அறிவைத் தருகிறது. பாடலோ மனிதர் தனித்திருக்கும்போதும் கூடவே இருக்கிறது. நடுக்கடலில் இருப்பவனும், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் விழித்திருக்கும் தாயும் நூலைப் புரட்டிக்கொண்டிருப்பதில்லை. நெஞ்சில் ஏற்கெனவே இருப்பதுதான் அப்போது உதவுகிறது.

செய்யவேண்டியவை

ஆகவே எங்கள் கருத்தை வெளிப்படையாகவே வைக்கிறோம். இசைமுரசு அவர்களுக்குச் செய்யவேண்டிய மரியாதை மேடை போட்டுப் புகழ்வதோடு முடியாது. தெருவுக்குப் பெயர் வைப்பதும் விழா எடுப்பதும் அரசும் அமைப்புகளும் செய்யக்கூடியவை. ஆனால் வீடுகளுக்குள் செய்யவேண்டியதை நாம்தான் செய்யவேண்டும்.

முதலாவதாக, ஒவ்வொரு வீட்டிலும் எழுபது வயதைக் கடந்த பெண்கள் இருப்பார்கள். அவர்கள் அறிந்த தாலாட்டையும் மாலைகளையும் கல்யாணப் பாட்டுகளையும் பாடச் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். அதற்குக் கைப்பேசி ஒன்றே போதும். சொற்களைத் தமிழில் எழுதி, யாரிடம் கற்றார்கள் என்பதையும் குறித்து வையுங்கள். குரலை வெளியே பரப்ப அவர்கள் விரும்பாவிட்டால் குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும், பாட்டின் சொற்களை மட்டும் ஏட்டில் ஏற்றலாம். அரபுத்தமிழில் எழுதிய பழைய கையேடுகள் பரணில் கிடந்தால், கரையான் முந்துமுன் எடுத்து, வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

இரண்டாவதாக, பாடியவரை நினைக்கையில் எழுதியவரையும் நினைப்போம். ஹனீபா அவர்களின் குரலுக்குப் பின்னே நாகூர் புலவர் ஆபிதீன், ஆர். அப்துல் ஸலாம் போன்ற கவிஞர்கள் நின்றார்கள். எந்தப் பாடலை யார் எழுதினார் என்ற விவரம் பழைய இசைத்தட்டுகளின் உறைகளோடு மறைந்துகொண்டிருக்கிறது. இணையத்தில் பாடலை ஏற்றும் அன்பர்கள் அந்தப் பெயரையும் சேர்த்து ஏற்றினால் உரியவருக்கு உரியதைக் கொடுத்த நன்மை கிட்டும்.

மூன்றாவதாக, நம் மக்தபுகளில் பிள்ளைகளுக்குச் சூராக்களோடும் துஆக்களோடும் ஐந்தாறு தமிழ்ப் பாடல்களையும் கற்றுக்கொடுக்கலாம். எவற்றைக் கற்பிப்பது என்பதை ஊரின் ஆலிம்களே தெரிவு செய்யட்டும். அகீதாவுக்கு முரணில்லாத, கருவி வேண்டாத பாடல்கள் நம்மிடம் ஏராளமாக உண்டு. சீறாப்புராணத்தின் ஒரு விருத்தத்தைப் பொருளறிந்து பாடும் பிள்ளைக்குத் தமிழும் வரும், நபியவர்களின் வரலாறும் வரும்.

நான்காவதாக, சஹருக்கு எழுப்ப வந்த பக்கீர்மாரில் சிலர் இன்னும் வாழ்கிறார்கள். கைப்பேசியில் அலாரம் அடிக்கும் காலத்தில் அவர்கள் தேவையில்லை என்று எண்ணாமல், அவர்கள் வந்தால் வாசற்கதவைத் திறந்து கண்ணியமாக ஏதேனும் கொடுங்கள். நாம் உறங்கிய வேளையில் விழித்திருந்து நம்மை எழுப்பியவர்கள் அவர்கள்.

எங்களோடு உடன்படாத சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் பாடாமல் இருக்கலாம், கேட்காமலும் இருக்கலாம். அது உங்கள் பேணுதல், அதை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் முதியவர் ஒருவர் பாடிக்கொண்டிருக்கையில் நிறுத்தச் சொல்லுமுன், அவர் பாடுவது என்னவென்று ஒருமுறை முழுதாகக் கேட்டுவிடுங்கள். கேட்டபின் பிழையிருந்தால் தனியே, மென்மையாகச் சொல்லுங்கள்.

மீண்டும் ஆலந்தலை

அன்று மாலை நாங்கள் விடைபெறுமுன், படுத்திருந்த அந்தத் தந்தையாரின் கட்டிலருகே சற்று நேரம் அமர்ந்திருந்தோம். இளமையில் சங்கு குளித்தவர் அவர். தூத்துக்குடிப் பகுதியில் 1961இல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்ததை நினைவில் வைத்திருந்தார். கடலுக்கடியில் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கையில் என்ன நினைப்பீர்கள் என்று எங்களில் ஒருவர் கேட்டார். "என்னத்த நெனைக்க, மேல ஏத்திவிடு ஆண்டவனேன்னுதான் கேப்பேன். வேற யாருகிட்ட கேக்க?" என்றார்.

ஈமானில் அவருக்கும் எங்களுக்கும் உள்ள வேறுபாடு எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதை மறைத்துப் பேசவேண்டிய தேவை இருவருக்கும் இல்லை. ஆனால் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் முத்துக்காகச் சண்டையிட்ட இரண்டு சமூகத்தாரின் பிள்ளைகள், ஒரே கட்டிலருகே அமர்ந்து ஒருவருக்கொருவர் நலம் கேட்கிறோம். கொட்டகையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த பாட்டு அங்குவரை கேட்டது. அவரைக் காண நாங்கள் சென்றது கடமை. எங்கள் பாட்டு எங்களுக்கு முன்பே அங்கு போய்ச் சேர்ந்திருந்தது, அல்லாஹ் தந்த கொடை. அந்தக் கொடையை அண்டை ஊரார் போற்றுகையில் நாம் நழுவவிட்டோம் என்ற சொல் நாளை நம்மேல் வரக்கூடாது.

மக்ரிபுக்கு நேரம் நெருங்கியதால் எழுந்தோம். வீடு திரும்பியதும் எங்களில் ஒருவர், தம் வீட்டில் எஞ்சியிருக்கும் சிற்றன்னையை அமரவைத்து, உம்மம்மா பாதியில் நிறுத்திய அந்தப் பாட்டு நினைவிருக்கிறதா என்று கேட்டார். அவர்கள் நெடுநேரம் யோசித்து, மூன்றாவது கண்ணியைச் சொன்னார்கள். நான்காவது நினைவுக்கு வரவில்லை. அதை அறிந்த இன்னொரு பெண்மணி அடுத்த தெருவில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ், இந்த வாரம் அவர்களைக் காணச் செல்கிறோம்.

யா அல்லாஹ்! மர்ஹூம் நாகூர் ஹனீபா அவர்களின் பிழைகளைப் பொறுத்தருள்வாயாக. அன்னாரின் மண்ணறையை விசாலமாக்கி ஒளிபெறச் செய்வாயாக. பெயர் அறியப்படாமலே பாடி மறைந்த எங்கள் தாய்மார்களுக்கும் உன் ரஹ்மத்தை வழங்குவாயாக. அவர்கள் எங்கள் நாவில் வைத்துச் சென்ற உன் நினைவை எங்கள் பிள்ளைகளின் நாவிலும் நிலைக்கச் செய்வாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.